சும்மா ஒரு க்ளீனப்

கோகிலவாணி யாருடைய நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாளோ அந்த மனிதர் இன்னும் ரசத்துக்கே வந்திருக்கவில்லை. பந்தியில் ஆள் பார்த்து நிற்கத் தெரியாதவள் இந்த ஊரில் பிறந்து என்ன பிரயோஜனம் என்று அவளுக்கே தோன்றியது. தம்பி பூபதியைப் பார், மோருக்கு வந்துவிட்ட ஆளாகத் தேடிப் பிடித்து நிற்கிறான், நிற்கிற நேரத்தையும் வீணாக்காமல் போனைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். மாமா மகளுக்குக் கல்யாணம், கோபிச்செட்டிபாளையத்தில், ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்தம் முடிந்து மேளக்காரர்களே சாப்பிட்டு ஏப்பம் விட்டாயிற்று. அவளுக்குப் பசியில்லை. நேற்று பெங்களூரிலிருந்து கிளம்பியதிலிருந்தே அவளுக்குள் செவ்வாய்க்கிழமை என்ற ஒரே வார்த்தைதான் ஓடிக்கொண்டிருக்கிறது, பேருந்தில் ஓடியது, தாலி கட்டும்போது அட்சதை தூவிய கைக்குள்ளும் ஓடியது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. அதற்கப்புறம் ஊரே பேசலாம், செய்தித்தாளில்கூட வரலாம், இப்போது மூச். யாராவது ஏன் முகம் இப்படியிருக்கிறது என்று கேட்டால் பஸ்ஸில் தூக்கமில்லை என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தாள். ஒருத்தரும் கேட்கவில்லை. பெரியத்தை மட்டும் எதிரில் வந்து, "ஏ அம்மணி, இன்னும் அந்தக் கர்னலுகிட்டத்தான் வேலையா? மனுசன் ரிட்டயரே ஆகமாட்டானா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போனாள். இருபது வருஷமாக இதே கேள்வி. கர்னல் என்றால் பட்டாளத்து ஆள் இல்லை அத்தை, கம்ப்யூட்டருக்குள்ளே எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து யாருக்கு எந்த இடம், யார் எதைத் தொடலாம் என்று உத்தரவு போடுகிற நிரல் என்று ஆரம்பத்தில் விளக்கிப் பார்த்தாள். அத்தை முழுசாகக் கேட்டுவிட்டு, அப்பக் கர்னலேதான் என்றாள். யோசித்தால் அத்தை சொன்னதும் தப்பில்லை.

அந்த உத்தரவு போடுகிறவனிடம்தான் ஓட்டை. யாரோ எங்கோ உட்கார்ந்து கண்டுபிடித்து, காதும் காதும் வைத்தாற்போல் அவளுடைய குழுவுக்கு எழுதியிருந்தார்கள். பழைய ஓட்டை, எத்தனையோ வருஷத்துக்கு முன்பு எவரோ எழுதிய வரிகளில் சத்தமில்லாமல் கிடந்திருக்கிறது. அதை இந்தப் பந்தியை வைத்தே சொல்லிவிடலாம் என்று அவளுக்கு இப்போது நின்ற நிலையில் தோன்றியது. மூன்றாவது இலைக்காரர் சம்பந்தி வீட்டு ஆள், எது கேட்டாலும் கொடு, எந்த அறைச் சாவி கேட்டாலும் கொடு என்று பரிமாறுகிறவனிடம் சொல்லிவைத்திருக்கிறார்கள். அவர் சாப்பிட்டு எழுந்து போய்விட்டார். அந்த நாற்காலியில் வேறு யாரோ வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பரிமாறுகிறவனுக்கு ஆளைத் தெரியாது, மூன்றாவது இலை என்பது மட்டும்தான் தெரியும், ஆகவே வந்து உட்கார்ந்தவன் கேட்டால் சாவியை எடுத்துக் கொடுத்துவிடுவான். உள்ளே வருவதற்குச் சின்ன வழி ஒன்று கிடைத்த எவனும் அந்தக் காலி நாற்காலிக்காகக் காத்திருந்து உட்கார்ந்தால் போதும், மண்டபமே அவனுடையது. அதை அவள்தான் சரிசெய்தாள். போனவர் போய்விட்டார், அந்த உத்தரவு இனிச் செல்லாது என்று பரிமாறுகிறவனிடம் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான், ஒரே ஒரு வரி. அந்த வரியை எழுத அரை நாள்கூட ஆகவில்லை. அதற்குத் தலைப்பு வைக்கத்தான் நாளெல்லாம் ஆயிற்று. ஏனென்றால் இந்தத் தொழிலில் திருத்தம் எல்லாம் வெட்டவெளியில்தான் நடக்கும், யார் எந்த வரியை மாற்றினார்கள் என்று உலகமே படிக்கலாம், திருடனும் படிப்பான். பெரிய வங்கிகள், போன் தயாரிக்கிற கம்பெனிகள், எல்லாரும் தயாராகி ஓட்டையை ஊருக்குச் சொல்லும் அந்தச் செவ்வாய்க்கிழமை வரும்வரை அந்த வரி திருடன் கண்ணை உறுத்தாமல் கிடக்க வேண்டும். அதற்காக ஓட்டை, ஆபத்து, பாதுகாப்பு என்று எந்த வார்த்தையும் தலைப்பில் வராமல் எழுதுவார்கள். அதில் அவள் கெட்டிக்காரி என்று பெயர். இந்தத் தடவையும் ஆள் தூங்கிவிடும்படியாக ஒரு தலைப்பு வைத்தாள், சிறிய க்ளீனப் என்று, ஏதோ வரிகளைக் கொஞ்சம் கூட்டிப் பெருக்கிய மாதிரி. குழுவின் மூத்தவரான ஹென்ரிக், ஓஸ்லோவிலிருந்து, இதைவிடச் சப்பையாக யாராலும் எழுத முடியாது என்று பாராட்டி எழுதியிருந்தார். அவளுக்கும் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"ஏனுங்க்கா," என்றான் பூபதி, போனிலிருந்து தலையைத் தூக்காமலே. "நேத்து நம்ம லேப் மெஷினுக்கு அப்டேட் ஒண்ணு வந்திருக்குது. என்னென்ன மாத்தியிருக்காங்கன்னு கீழ பாத்துட்டே வந்தனா, உங்க பேரு இருக்குது." அவன் முகத்தில் பெருமை வழிந்தது. "சிறிய க்ளீனப்புன்னு போட்டிருக்கறீங்க. இது என்னுங்க்கா, அவசரமா?"

நாட்டில் யாருமே படிக்காத அந்தப் பட்டியலை, கம்பெனிக்காரர்களே படிக்காத பட்டியலை, கோபியில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிற இவன் வரிவரியாகப் படிக்கிறான், அக்கா பெயர் வருமா என்று பார்ப்பதற்காகப் படிக்கிறான். அவன் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனான். "போட்டா மெஷின அரை நாளு நிறுத்தோணும். நாளைக்குச் சத்தியமங்கலத்துல மெடிக்கல் கேம்ப்பு, சுத்துவட்டாரத்து லேப்புக்காரங்க அத்தன பேரும் சேந்து பண்றோம். இன்னைக்கு சாயங்காலம் சாமானெல்லாத்தையும் வண்டியில ஏத்தி வெக்கோணும். அவசரம்னா இன்னைக்கே போட்டுப்போடறேன். இல்லீன்னா கேம்ப்பு முடிச்சு, செவ்வாய், பொதன்ல போட்டுக்கலாம். நீங்க சொல்லுங்க்கா."

போட்டுடு என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. நாக்கு அதற்குத்தான் எழுந்தது. ஆனால் போட்டுடு என்றால் ஏன் என்பான், க்ளீனப்புக்கு ஏன் அவசரம் என்பான். அந்த ஏன் அவளுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது, அதைத் தாண்ட முடியவில்லை, தாண்டத் தாண்ட அது அங்கேயே நின்றது.

"சும்மா ஒரு க்ளீனப்தான்டா," என்றாள்.

"அப்ப அவசரமில்ல."

"இல்ல."

அந்த நேரம் பார்த்து அவளுக்கு முன்னாலிருந்தவர் ரசத்தையும் மோரையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டு எழுந்தார், பூபதியின் ஆள் இரண்டாவது தடவை மோர் கேட்டதால் இரண்டு பேரும் சேர்ந்தே எழுந்தார்கள், அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். மேசையில் காகிதத்தை உருட்டிவிட்டு இலை போட்டார்கள். அவள் தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள், துடைத்ததையே மறுபடி துடைத்தாள். சரியாகத்தான் செய்தேன் என்று சொல்லிக்கொண்டாள். குழுவின் விதி அப்படி, நாள் வருவதற்கு முன்னால் வீட்டு ஆளிடம்கூட மூச்சு விடக்கூடாது. வேறொரு குழுவில் ஒருவர், நல்ல மனிதர், மனைவி வேலை பார்க்கும் ஆபீஸுக்கு மட்டும், இந்த அப்டேட்டைச் சீக்கிரம் போட்டுக்கொள்ளுங்கள் என்று ஒரு வரி எழுதினார். அந்த ஆபீஸில் ஒருத்தன், இவ்வளவு சின்னத் திருத்தத்துக்கு என்ன அவசரம் என்று பொதுவில் ஒரு கேள்வி போட்டான், கேட்டவன் மனசில் ஒரு கெடுதலும் இல்லை, மறுநாள் திருடர்கள் அந்த வரியைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள், ஒரு மருத்துவமனை முழுக்க முடங்கியது. அந்த மனிதரை எல்லாக் குழுவிலிருந்தும் நீக்கினார்கள். அவர் பேரைச் சொல்வதைக்கூட விட்டுவிட்டார்கள். பூபதியிடம் சொல்வது வானொலியில் சொல்வது மாதிரி. லேப்புக்காரர்களுக்கென்று வாட்ஸ்அப் குரூப் ஒன்று வைத்திருக்கிறான், அதில் எங்கக்கா சொன்னாங்க, எங்கக்கா சொன்னாங்க என்றுதான் தினம் விடியும். அவன் சொன்னால் முப்பது பேர், முப்பது பேரில் ஒருத்தன் கேட்பான், ஏன் என்று. பொரியல் வைத்தார்கள். பச்சடி வைத்தார்கள். இனிப்புக்கு ஒப்புட்டு வைத்து அதன்மேல் நெய்யை ஊற்றினார்கள். அவள் இலையைப் பார்த்துக்கொண்டு, கோடிக்கணக்கான மெஷின் ஒரு பக்கம், முப்பது லேப் ஒரு பக்கம், கணக்கு நேராகத்தானே இருக்கிறது என்று நினைத்தாள், கணக்கு நேராகத்தான் இருந்தது, சோறுதான் இறங்கவில்லை. எதிர் வரிசையைப் பார்த்தாள். மாமா, மாமாவின் சகலை, மில் வைத்திருக்கிற ராமலிங்கம், அவர் மருமகள், டீச்சர் ஒருத்தி, அந்தக் கடைசியில் வெள்ளைச்சட்டைக்காரர் யாரென்று தெரியவில்லை. இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற முக்கால்வாசிப் பேரின் ரத்தம் பூபதியின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் குழந்தை நிற்காது, யார் வீட்டுக்குச் சொல்லாமல் எந்த டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் அதில் இருக்கிறது, ரிப்போர்ட்டைப் போனிலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்று ஜனங்களுக்கு ஒரு வாசலும் திறந்து வைத்திருக்கிறான். சின்ன வாசல். சின்ன வாசல் இருந்தால் போதும். அந்த டீச்சர் ஒப்புட்டைப் பிய்த்து மருமகளுக்குப் பாதி கொடுத்தாள், மருமகள் வேண்டாம் என்று தலையாட்டினாள், ஏன் வேண்டாம் என்கிறாள், அவளுக்கும் சர்க்கரையோ, அல்லது வேறு ஏதோ, இந்த யோசனையே அசிங்கமாக இருந்தது, திருடன் இப்படித்தான் பார்ப்பான்.

"சாப்புடுங்க்கா, எலைய வெறிச்சுப் பாத்துட்டு இருக்கறீங்க," என்றான் பூபதி. அவன் நன்றாகச் சாப்பிடுகிறவன். சாம்பாரைக் குழித்து ஊற்றச் சொல்லி, ஒழுகாமல் கரை கட்டி, அவசரமே இல்லாமல் சாப்பிட்டான், கண்ணுக்கு முன்னால் கவலையே இல்லாத மனுஷன். இவனிடம் லேப் வைக்கலாம் என்று சொன்னதே அவள்தான், இந்தக் கம்ப்யூட்டர் முறையை வை, காசும் கிடையாது, பத்திரமும் கூட என்று சொன்னதும் அவள்தான், அவனுக்கு வேறு யாரும் எதுவும் சொல்லி அவன் கேட்டதில்லை. ஓட்டைவாயன். ஓட்டைவாயன் என்று அவள் இப்போது மனசுக்குள் ஒருமுறை சொன்னாள், மறுபடியும் சொன்னாள், மூன்றாவது முறை சொல்லும்போது அந்த வார்த்தை எதிலோ மாட்டிக்கொண்டது. ஏனென்றால் அவளுடைய ரத்தமும் அவனிடம்தான் இருக்கிறது. எட்டு வருஷமாக இருக்கிறது. இரண்டாவது தடவையும் குழந்தை நிற்காமல் போனபோது, கணவனிடம்கூடச் சொல்ல வாய் வராமல், பஸ் ஏறி இங்கே வந்து, லேப் பூட்டியிருந்த ஒரு மத்தியானத்தில் பூபதியை மட்டும் திறக்கச் சொல்லி டெஸ்ட் எடுத்துக்கொண்டாள். அவன்தான் ஊசி குத்தி ரத்தம் எடுத்தான். அவன்தான் பார்த்தான். பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீ வாங்கிவந்து கொடுத்து, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்து வந்தான். அம்மாவுக்குத் தெரியாது இன்றைக்கு வரைக்கும். அவன் மனைவிக்குத் தெரியாது. குடித்துவிட்டு உளறுகிற தீபாவளிகள் எத்தனையோ வந்து போயின, ஒரு ஜாடை, ஒரு பார்வைகூட அவனிடமிருந்து வந்ததில்லை. எங்கக்கா சொன்னாங்க என்று ஊரெல்லாம் சொல்கிறவன் அக்காவைப் பற்றிச் சொல்லக்கூடாத ஒன்றை மட்டும் சொல்லவே இல்லை. யாருக்கும் சொல்லாதே, போட்டுவிடு என்றால் அவன் போட்டிருப்பான், ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டான். அது அவளுக்குத் தெரியும். நாற்காலிக்குப் பின்னால் நிற்கும்போதே தெரியும். அவள் பயந்தது அவன் வாயைப் பார்த்து இல்லை. அந்த நீக்கப்பட்ட மனிதரைப் பார்த்து. பேரைச் சொல்வதைக்கூட விட்டுவிட்டார்களே, அதைப் பார்த்து. உலகத்தில் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குகிற பேர்தான் அந்த உள்வட்டத்தில் இருக்கிறார்கள், அதில் இந்தப் பக்கத்திலிருந்து போனவள் அவள் ஒருத்தி, அந்த இடம் போய்விடக்கூடாது. இடம் போகாமல் இருக்கத் தம்பிக்கு ஓட்டைவாய் என்று பேர் வைத்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. சுத்தமாக, மறைக்க ஒன்றுமில்லாத வெட்கம், காது மடல் வரைக்கும் சுட்டது. விதி சரியாக இருக்கலாம், கணக்கு சரியாக இருக்கலாம், அவள் பயந்தது என்னவோ அவளுக்காக.

பாயசம் வந்தது. சொல்லிவிடலாம், இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கிறது, குரலைத் தாழ்த்தி, பூபதி, இன்றைக்கே போட்டுவிடு, காரணம் கேட்காதே, ஒருத்தருக்கும் சொல்லாதே என்று சொன்னால் முடிந்தது. அவள் பாயசத்தை வழிக்காமல் திரும்பினாள். அவன் இடது கையால் போனைக் காதுக்குக் கொடுத்து யாரோ ஒரு லேப்புக்காரரிடம் பேசிக்கொண்டிருந்தான், வலது கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. "ஆமாங்ணா, அந்த அப்டேட்டுத்தான். எங்கக்கா பக்கத்துலதான் ஒக்காந்து சாப்புட்டுட்டு இருக்காங்க, அவங்க கையால போட்டது. கேட்டுப்போட்டேன். அவசரமில்லீங்களாமா. நான் பந்திக்கு ஒக்கார்றதுக்கு முன்னாடியே குரூப்புல சொல்லிப்போட்டனுங்ணா, யாரும் மெஷின நிறுத்தாதீங்க, கேம்ப்பு முடிச்சுட்டுப் போட்டுக்கலாம்னு. அந்தியூர் லேப்புக்காரரு போடறதுக்கு ஆரம்பிச்சே இருந்தாராமா, நல்லவேளைக்குச் சொன்னீங்கன்னு நிறுத்திப்போட்டாரு. செரிங்ணா, வெச்சர்றேன்."

அவன் போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூபதி, நீ இன்னைக்கே போட்டுடு."

"எதயிங்க்கா?"

"அப்டேட்ட. சாயங்காலமே போட்டுடு. ஏன்னு கேக்காத."

அவன் கேட்கவில்லை. அவள் நினைத்தது சரிதான், அவன் கேட்கவே இல்லை. கையில் காய்ந்த பருக்கையைப் பார்த்தான், அக்கா முகத்தைப் பார்த்தான். சிறிய க்ளீனப் எதற்காகச் சிறியது என்று அவனுக்குப் புரிந்துவிட்டதென்று அவளுக்குத் தெரிந்தது, படிப்பு இதற்கெல்லாம் தேவையில்லை, பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம். ஒரு பக்கம் லேசாகவும் இருந்தது. சொல்லிவிட்டோம், இவனாவது தப்பித்தான் என்று அவள் மூச்சு விட்டாள்.

"மத்தவங்களுக்கு?" என்றான்.

அவள் இலையில் தேங்கிய பாயசத்தை வழித்தாள்.

"அவங்களயும் போடச் சொல்லட்டுங்களா?"

"வேண்டாம்." அவளுடைய குரல் அவளுக்கே கேட்கவில்லை. "நீ மட்டும் போடு. செவ்வாக்கெழம அவங்களுக்குத் தானாத் தெரியும். அது வரைக்கும் யாருக்கும் சொல்லக்கூடாது பூபதி, நான் உங்கிட்டச் சொன்னதே தப்பு."

மோர்க்காரர் வந்து வாளியை நீட்டினார். பூபதி வேண்டாம் என்று கையை இலைக்கு மேல் காட்டினான். மோர் வேண்டாம் என்று அவன் சொல்லி அவள் பார்த்ததில்லை. அவன் கோபப்படுவான் என்று காத்திருந்தாள், கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை, திட்டினால் கொஞ்சம் பாரம் இறங்கும், எனக்கு எப்படித் தெரியும் நீ குரூப்பில் சொல்வாய் என்று திருப்பிக் கேட்கலாம். அவன் திட்டவில்லை. அவளைக் காப்பாற்றுகிற மாதிரி, சுற்றிலும் யாருக்கும் கேட்காத குரலில் பேசினான்.

"நான் யாருக்கும் சொல்லமாட்டனுங்க்கா. அதுக்குப் பயப்படாதீங்க. ஆனா அவங்கல்லாம் எம்பேச்சக் கேட்டு நிறுத்தி வெச்சிருக்கறாங்க. அந்தியூர்க்காரரு போட ஆரம்பிச்சிருந்தாரு, நாந்தான் நிறுத்துனேன். அவங்கள வேண்டாம்னு சொல்லிப்போட்டு, ராத்திரிக்குப் போயி நான் மட்டும் என் கதவச் சாத்திக்கட்டுங்களா?"

"அது வேற இது வேறடா. உங்கிட்ட ஊருப்பட்ட பேரு ரிப்போர்ட் இருக்குது. என்னோடது இருக்குது."

"இருக்குதுங்க்கா." அவன் இலையைத் தன் பக்கமாக மடித்தான். "அவங்ககிட்டயும் இதே மாதிரி ஊருப்பட்டது இருக்குது. உங்களோடதயாவது அழிச்சுப்போடறேன், அது என்னால ஆகும். மெஷினுக்கு நானும் செவ்வாக்கெழமயே போட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளி எழுந்து, கை கழுவப் போகும் வழியில் பெரியத்தை யாரோ ஒருவரை அறிமுகப்படுத்த, அவரைப் பார்த்துச் சிரித்தான், நன்றாகவே சிரித்தான், கோகிலவாணி பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டும் என்று தோன்றியது. எல்லாருக்கும் சொல்லிவிடு, நான் சொன்னேன் என்றே சொல்லு, என் இடம் போனால் போகட்டும் என்று கூப்பிட்டுச் சொல்லலாம், பத்தடிதான், பூபதி என்றால் திரும்பிவிடுவான். வாயைத் திறந்தாள். முப்பது லேப், அதற்கப்பால் பெரிய ஆஸ்பத்திரிகள், வங்கிகள், அதற்கப்பால் ஹென்ரிக், அதற்கப்பால் பேர் சொல்லப்படாத அந்த மனிதர் என்று எல்லாரும் வரிசையாக வந்தார்கள், யாருக்காக வாயை மூடுகிறோம் என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை, இனி எப்போதும் சொல்ல முடியாது என்பது மட்டும் தெரிந்தது. அதற்குள் அவன் கை கழுவிவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, வண்டியில் ஏற்ற வேண்டியதையெல்லாம் ஏற்றி வைக்க வேண்டுமே என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டு மண்டபத்தை விட்டு வெளியே போய்விட்டான்.